சிறு பிள்ளைகளோடு காகித அலங்காரம்

மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளோடு செய்யும் காகித அலங்காரத்தில் ஐந்து வேலைகள் உண்டு: கிழித்தல், மடித்தல், வெட்டுதல், ஒட்டுதல், கட்டித் தொங்கவிடுதல். தோரணம், வளையச் சங்கிலி, விசிறிப் பூ, நட்சத்திரக் கூடு எதுவானாலும் இந்த ஐந்தின் சேர்க்கைதான். இவற்றில் ஒட்டுதல் தவிர மற்ற நான்கையும் மூன்று வயதுப் பிள்ளை ஏதோ ஓர் அளவுக்குச் செய்துவிடும். ஒட்டுவதற்கு மட்டும் பெரியவர்களுக்கே கை பழக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. கத்தரிக்கோல் குத்திவிடும் என்று அதைப் பெரியவர் வாங்கிக்கொள்கிறார். மடிப்பு கோணலாகும் என்று தாளையும் வாங்கிக்கொள்கிறார். மிச்சமிருப்பது ஒட்டுவதுதான் என்று பசைப் புட்டியைக் குழந்தையின் கையில் கொடுக்கிறார். உள்ளதிலேயே கடினமான வேலை எளிய வேலையாகக் கருதப்பட்டு மிகச் சிறிய கைக்குப் போய்ச் சேர்கிறது. காகித வேலை பாழாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

பிள்ளைகளின் கல்வியில் காகிதத்துக்கு முறையான இடம் கொடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெடரிக் ஃபுரோபெல். 1837-இல் பேட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் அவர் தொடங்கிய பள்ளிதான் பின்னர் கிண்டர்கார்டன் என்று பெயர் பெற்றது. அவர் வகுத்த கைவேலைகளில் சதுரத் தாளை மடிப்பதும், வண்ணக் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிப் பின்னுவதும், ஊசியால் குத்தி உருவம் எடுப்பதும், மடித்த தாளை வெட்டி விரிப்பதும் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை பசை இல்லாமலே முடிபவை. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து பல ஆண்டுகள் இந்தியாவில் தங்கிய மரியா மாண்டிசோரியின் முறையில் காகிதத்துக்கும் முன்பாகத் துணி வருகிறது. சதுரத் துணியில் கோடு தைத்திருப்பார்கள். அந்தக் கோட்டின்மேல் மடித்து மடித்துக் குழந்தை விரலைப் பழக்கிக்கொள்கிறது. நம் ஊரிலும் அலங்காரக் கைவேலைக்குப் பசை இன்றியமையாததாக இருந்ததில்லை. குருத்தோலைத் தோரணம் முழுக்க முழுக்கக் கீறுவதும் மடிப்பதும் செருகுவதும்தான். காகிதக் கப்பலும் ராக்கெட்டும் அப்படியே. வீட்டில் தொடங்கும்போது இந்த வரிசையையே பின்பற்றுவது நல்லது: முதலில் பசை வேண்டாத வேலைகள், பசை கடைசியில்.

காகிதத்தின் கனத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுவார்கள். கட்டின் மேலுறையில் ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பது இதுதான். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 வரை இருக்கும். ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றின் எடை 5 கிராம். செய்தித்தாள் 45-ஐ ஒட்டி வரும். காற்றாடி செய்யும் பட்டத் தாள் இன்னும் மெல்லியது. சார்ட் இவை எல்லாவற்றையும்விடக் கனமானது.

மூன்று, நான்கு வயதுக்கு ஏற்றவை இரண்டே இரண்டு. கிழிக்கவும் மடித்துப் பழகவும் பழைய செய்தித்தாள். மற்ற எல்லாவற்றுக்கும் 80 ஜிஎஸ்எம் வண்ண ஏ4 தாள். கடைக்காரரும் பள்ளியும் முதலில் சொல்வது சார்ட்டைத்தான். ஆனால் சார்ட்டைச் சின்னக் கத்தரிக்கோல் கடிக்காது. மடித்தால் விறைத்துக்கொண்டு திறக்கும். வளையமாகச் சுற்றினால் ஒட்டிய இடம் விட்டுவிடும். பலகையில் விறைப்பாக நிற்க வேண்டிய படத்துக்குத்தான் அது பொருந்தும். பட்டத் தாளும், சுருக்கம் வைத்த கிரேப் பேப்பரும் பார்க்க அழகாக இருப்பதால் ஆசை காட்டும். இரண்டின் சாயமும் ஈரம் பட்டால் இளகி ஓடும் என்பதால் ஐந்து வயதுக்கு முன் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது மேல். பழைய கல்யாணப் பத்திரிகைகள் நல்ல சரக்கு. தெருமுனை அச்சகத்தில் வெட்டி விழும் விளிம்புத் துண்டுகளைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். வண்ணம் வண்ணமாக, நேராக வெட்டிய கீற்றுகளாகவே கிடைக்கும். இவை இருக்கும்போது, வெட்டித் தயாராக வைத்த துண்டுகள் நிரம்பிய கிராஃப்ட் பெட்டிகளை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பிள்ளை செய்யக்கூடிய வேலையை எல்லாம் அவை ஏற்கெனவே முடித்துவிட்டு ஒட்டுவதை மட்டும் மிச்சம் வைக்கின்றன.

தாளுக்கு ஒரு போக்கு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தென்னங்கீற்றை நீளவாக்கில் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் பிய்யும், காகிதமும் அப்படித்தான். ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே இழைகள் பெரும்பாலும் படிவதால் இந்தப் போக்கு உண்டாகிறது. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேர்க்கோட்டில் வருவதும், பக்கவாட்டில் கிழித்தால் தாறுமாறாகப் போவதும் இதனால்தான். போக்கை அறிய எளிய வழி இருக்கிறது. ஒரே தாளில் நெடுக்கே ஒன்றும் குறுக்கே ஒன்றுமாகச் சம அளவில் இரண்டு கீற்றுகள் வெட்டி, இரண்டையும் சேர்த்து ஒரு முனையில் பிடிக்க வேண்டும். தொய்ந்து விழும் கீற்றில் இழைகள் குறுக்காக இருக்கின்றன. நிமிர்ந்து நிற்பதில் நெடுக்காக இருக்கின்றன. கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நீளப் பக்கத்தை ஒட்டியே போக்கு அமைந்திருக்கும். போக்கை ஒட்டிய மடிப்பு கூர்மையாக விழும். போக்குக்குக் குறுக்கே மடித்தால் விளிம்பு வெடித்துச் சொரசொரப்பாகும். 'பிள்ளைக்கு மடிக்க வரவில்லை' என்று சொல்லுமுன் தாளைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது நியாயம்.

இனி பசை. ஒரு வீட்டில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நவராத்திரிக்கு முதல் நாள் மாலை. கொலுப்படிகளில் வெள்ளை வேட்டி விரித்து பொம்மைகளை அடுக்கியாயிற்று. கீழ்ப்படியில் வரிசையாக வைக்கச் சிவப்புப் பட்டத் தாளில் தாமரைகள் செய்வதாகத் திட்டம். ஆறு வயது அக்கா இதழ்களை வெட்டினாள். அவை ஒன்றுபோல் ஒன்று இல்லையென்றாலும் இதழ்களாகவே இருந்தன. மூன்று வயதுத் தம்பிக்கு ஒட்டும் வேலை. வந்திருந்த உறவினர் ஒருவர், "இந்த வெள்ளைப் பசைதான் கெட்டியா நிக்கும். தாராளமா விடுடா கண்ணா" என்று புட்டியை அவன் கையில் கொடுத்தார். அவன் முழுக் கையாலும் பிடித்து அமுக்கினான். இதழ்கள் ஊறின. எடுக்கப்போனால் விரலோடு வந்தன, பிரிக்கப்போனால் கிழிந்தன. எப்படியோ உருவான நான்கைந்து தாமரைகளைக் காயட்டும் என்று கீழ்ப்படியிலேயே வைத்தார்கள். இரவு பார்த்தபோது வேட்டியில் சிவப்புச் சாயம் இறங்கிப் படர்ந்திருந்தது. மேல் படிகளின் பொம்மைகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வேறு வேட்டி விரிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, 'சின்னவனை உட்கார வைத்ததுதான் தப்பு' என்பது.

தப்பு அவனுடையது இல்லை. தாராளமாக விடச் சொன்னார்கள், அவன் விட்டான். அவன் கையில் கொடுக்கப்பட்ட தாளும் பசையும் சேர்ந்தால் தேர்ந்த கைக்கும் அதே கதிதான். வேட்டி துவைத்து வெளுத்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளை அதன் பிறகு வெகுகாலம் பசை என்றாலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அக்கா செய்வதை எட்ட நின்று பார்த்தான். காகித வேலையில் நேரக்கூடிய மிகப் பெரிய நஷ்டம் இதுதான். அதை ஏற்படுத்துவது பெரும்பாலும் ஒரு புட்டிப் பசையும், அதைக் கொடுத்தவரின் அவசரத் தீர்ப்பும்.

நடப்பது என்னவென்று தெரிந்தால் பழி யார்மேல் விழ வேண்டும் என்பதும் தெளிவாகும். வெள்ளைப் பசை என்பது பாலிவினைல் அசிடேட் என்ற பொருள் நீரில் நுண்துளிகளாகக் கலந்திருப்பது. அதில் ஏறத்தாழ பாதி நீர். அந்த நீர் வெளியேறினால்தான் பசை பிடிக்கும். மரத்தில் அது மெல்ல உள்ளே இறங்கிவிடுகிறது. மெல்லிய தாளுக்கு அத்தனை நீரை வாங்கிக்கொள்ள இடமில்லை. காகித இழைகள் ஒன்றையொன்று பற்றியிருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பினால். இழைகளுக்கு இடையில் நீர் புகுந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. உலர்ந்த தாளின் பலத்தில் மிகச் சிறு பங்கே நனைந்த தாளில் மிஞ்சுகிறது. கூடவே ஒவ்வோர் இழையும் நீரை உறிஞ்சி உப்புகிறது. நீளத்தில் அது கூடுவது அற்பம், பருமனில் கூடுவது அதிகம். ஆகவே தாள் போக்குக்குக் குறுக்கே விரிந்து, காயும்போது மறுபடி சுருங்குகிறது. பசை பட்ட இடம் விரிந்தும் படாத இடம் அப்படியேயும் இருப்பதால் நெளிநெளியாக மடிப்பு விழுகிறது. ஒட்டிய இரண்டு தாள்களின் போக்கு வெவ்வேறு திசையில் இருந்தால் காய்ந்த பிறகு முழுவதுமே முறுக்கிக்கொள்ளும். இதில் எதுவும் குழந்தையின் கைத்திறனைப் பொறுத்தது இல்லை.

கைத்திறனைப் பொறுத்தது ஒன்றே ஒன்று: அளவு. புட்டியை ஒரு துளிக்கு மட்டும் அமுக்கி நிறுத்த விரல் நுனிகளின் பலத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிய வேண்டும். மூன்று வயதில் பிடிப்பதே முழங்கைவரை வேலை செய்யும் பிடி. ஆகவே புட்டியைக் கடைசியாகத்தான் கொடுக்க வேண்டும். முதலில் குச்சிப் பசை. உதட்டுச் சாயம் போல் சுற்றி ஏற்றும் இந்தப் பசையில் ஈரம் குறைவு, அதிகமாகப் பூசினாலும் தாள் ஊறாது. நான்கு வயதில் கெட்டியான மைதாப் பசையை ஒரு மூடியில் எடுத்து வைத்து ஆள்காட்டி விரலால் தொட்டுத் தடவச் சொல்லலாம். ஐந்தில் தூரிகை. ஆறு, ஏழு வயதில் புட்டி. இந்த வரிசையைக் குலைத்து யாராவது புட்டியை முன்னால் கொண்டுவந்தால், அவர் எத்தனை மூத்தவராக இருந்தாலும் வாங்கி மேலே வைத்துவிட வேண்டும்.

மைதாப் பசைக்கு ஒரு பங்கு மாவும் நான்கு பங்கு நீரும் போதும். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு இளந்தீயில் கிளறினால் வெண்மை மங்கிக் கண்ணாடிபோல் ஆகும். அப்போது இறக்கி ஆறவிட வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பதமே தாளுக்கு ஏற்றது. சோற்றைக் குழைய நசுக்கி எடுத்த பசையும் நன்றாகப் பிடிக்கும். புத்தகம் கட்டுபவர்களும் சுவரொட்டி ஒட்டுபவர்களும் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது உண்டு, அது நஞ்சு. வாயில் விரல் வைக்கும் வயதுப் பிள்ளைகள் தொடும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. சேர்க்காத பசை ஓரிரு நாளில் புளித்துவிடும் என்பதால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்ச வேண்டும்.

தடவும் முறையிலும் ஒழுங்கு தேவை. இரண்டு துண்டுகளில் சிறியதன்மேல்தான் பசை. அதைப் பழைய செய்தித்தாள்மேல் கவிழ்த்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவ வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் விளிம்பு மடங்கி அடியில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டுக்கும் செய்தித்தாளில் புதிய இடம். ஒட்டியதும் உள்ளங்கையால் அழுத்தி இருபது எண்ணச் சொன்னால் பிள்ளைகள் விரும்பி எண்ணுவார்கள், பசைக்கும் அந்த நேரம் வேண்டும். பக்கத்தில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்று. பட்டத் தாளை ஒட்டியே தீர வேண்டும் என்றால் தாளில் பசையைத் தடவக் கூடாது. மூங்கில் சட்டத்திலோ கனமான தாளிலோ மெல்லிய கோடாகத் தடவிவிட்டு அதன்மேல் பட்டத் தாளைப் போர்த்தினால் நீரை அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளும்.

தண்ணீர் எப்போதுமே காகிதத்துக்குப் பகை என்றும் இல்லை. ஜப்பானின் ஒரிகாமி கலைஞர் அகிரா யோஷிசாவா கனமான தாளை லேசாக ஈரப்படுத்தி மடிக்கும் முறையை வளர்த்தார். ஈரத்தில் இளகும் தாளை வளைவுகளாகப் பிடித்து வைத்தால் காய்ந்ததும் அப்படியே விறைத்து நின்றுவிடும். அளவான ஈரமும் அதைத் தாங்கும் கனமான தாளும் சேர்ந்தால் என்னவெல்லாம் முடியும் என்பதற்கு அவர் செய்த விலங்குகளும் பறவைகளும் சாட்சி. சிறு பிள்ளைகளோடு வேலை செய்பவருக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, தாளுக்குத் தக்க ஈரம் என்ற கணக்கு மட்டுமே.

வெட்டுவதற்கு முன் கிழிக்கப் பழக்க வேண்டும். இரு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிராக இழுக்கும் அந்த அசைவுதான் பின்னால் கத்தரிக்கோலுக்கும் அடிப்படை. கிழித்த துண்டுகள் வீணாகாது. பச்சை நிறத்தில் கிழித்தவை மாவிலையாகும், வெள்ளையில் கிழித்தவை மேகமாகும். கிழிந்த விளிம்பின் நார் வெட்டிய விளிம்பைவிட அழகாகவே இருக்கும். கத்தரிக்கோல் மூன்று வயதையொட்டிக் கொடுக்கலாம், முனை மழுங்கியதாக, ஆனால் வாய் கூராக. வெட்டாத பிளாஸ்டிக் கத்தரிக்கோலைப் பாதுகாப்பு என்று வாங்கிக் கொடுப்பவர்கள் குழந்தைக்குத் தோல்வியைத்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரே கடியில் துண்டாகும் அளவுக்கு ஒல்லியான கீற்று போதும். நான்கு வயதில் நேர்க்கோடு, ஐந்தையொட்டி வட்டம், ஆறில் பூவும் இலையும் என்பது பொதுவான போக்கு. முன்பின் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. கட்டைவிரல் மேலே இருக்க வேண்டும். வட்டம் வெட்டும்போது கத்தரிக்கோல் ஒரே இடத்தில் நிற்க, தாளைப் பிடித்திருக்கும் கைதான் திரும்ப வேண்டும்.

இடது கைப் பிள்ளைகளின் விஷயம் தனி. சாதாரணக் கத்தரிக்கோலில் வலது கை விரல்கள் அமுக்கும்போது இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசி நெருங்குகின்றன. அதையே இடது கையில் பிடித்து அமுக்கினால் அலகுகள் விலகி, தாள் வெட்டுப்படாமல் இடையில் மடிந்து சிக்கும். வெட்டும் கோட்டையும் மேல் அலகு மறைத்துக்கொள்ளும். பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர் என்னும்போது, எத்தனையோ பிள்ளைகள் இந்தக் கருவியோடு போராடி 'கை வராது' என்ற பெயரை வாங்கியிருப்பார்கள். இடது கைக்கென அலகுகளை மாற்றி அமைத்த கத்தரிக்கோல் கடைகளில் கேட்டால் கிடைக்கிறது. கையை மாற்றச் சொல்வதைக் காட்டிலும் கத்தரிக்கோலை மாற்றுவது சுலபம்.

செய்யும் பொருள்களில் முதலிடம் வளையச் சங்கிலிக்கு. ஏ4 தாளை அகலவாக்கில் இரண்டரை செ.மீ. கீற்றுகளாக வெட்டினால் 21 செ.மீ. நீளத்தில் பதினொரு கீற்று வரும். ஒவ்வொன்றும் ஆறு செ.மீ. விட்டமுள்ள வளையம், ஒரு தாளில் ஏறக்குறைய 60 செ.மீ. சங்கிலி. அகலவாக்கில் வெட்டும்போது இழைகள் கீற்றுக்குக் குறுக்காக அமைவதால் கீற்று எதிர்ப்பில்லாமல் சுற்றிக்கொள்ளும். நீளவாக்கில் வெட்டிய கீற்று விறைத்து, பசை காயுமுன் திறந்துகொள்ளும். விசிறிப் பூவுக்கு ஒன்றரை செ.மீ. அகலத்தில் நீளப் பக்கத்தை ஒட்டி முன்னும் பின்னுமாக மடித்து, நடுவில் நூலால் கட்டி, இரு புறமும் விரிக்க வேண்டும். ஒரு தாள் வட்டத்தை முடிக்காது, மூன்று தாள் வேண்டும். எட்டிதழ்ப் பூ: சதுரத்தை இரண்டாக, மறுபடி இரண்டாக, பிறகு மூலைவிட்டமாக மடித்து வெளி ஓரத்தை வளைவாக வெட்டி விரித்தல். தோரணம்: சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து, மடிப்பை நூலின்மேல் கவிழ்த்து உள்ளே குச்சிப் பசை ஓர் இழுப்பு. கிறிஸ்துமஸ் நட்சத்திரக் கூட்டுக்கு மூங்கில் சட்டத்தைப் பெரியவர் கட்டித் தர வேண்டும், போர்த்துவது மட்டும் பிள்ளையின் பங்கு.

மூன்று வயதும் ஆறு வயதும் ஒன்றாக உட்காரும்போது இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுக்கக் கூடாது. பெரியவளின் வேலைக்குச் சின்னவனின் வேலை தேவைப்படும்படி பிரிக்க வேண்டும். அவன் கீற்றுகளை நிறம் மாற்றி எடுத்துக் கொடுக்க, அவள் ஒட்ட. அவன் கிழிக்க, அவள் ஒழுங்காக அடுக்க. "அக்கா, இப்ப மஞ்சளா?" என்று கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுக்கும் பிள்ளை தானும் செய்ததாகவே உணர்கிறது, உண்மையில் செய்யவும் செய்கிறது. கோணலாக ஒட்டியதை இரவில் பிரித்துச் சரிசெய்து வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. காலையில் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். கோணல் தோரணம் வாசலில் தொங்குவதால் வந்தவர் யாரும் சாப்பிடாமல் போனதில்லை.

இந்த இடத்தில் பள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்கேஜி பிள்ளைக்கு 'பிராஜெக்ட்' என்று நாளைக் காலைக்குள் சார்ட்டில் காடு, தெர்மகோலில் வீடு என்று கேட்டு அனுப்பும் பள்ளிகள் ஏராளம். நான்கு வயதுக் கையால் அதில் எதையும் செய்ய முடியாது என்பது கேட்பவருக்கும் தெரியும். பெற்றோர் இரவெல்லாம் விழித்துச் செய்கிறார்கள்; பள்ளியிலோ யாருடைய அம்மா நன்றாக வெட்டியிருக்கிறார் என்பதற்கு நட்சத்திரம் ஒட்டித் தருகிறார்கள். தன் கையால் கிழித்து ஒட்டிய மாவிலையை எடுத்துப் போன பிள்ளை, பெற்றோர் செய்து தந்த அரண்மனைக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறது. இப்படி ஒரு பிள்ளை நின்றதைப் பார்த்த பெற்றோர் அடுத்த முறையும் பிள்ளை செய்ததையே அனுப்புவது சரியான முடிவு. குறைந்த மதிப்பெண் வந்தாலும் அந்த முடிவை மாற்றத் தேவையில்லை. செய்முறை வீடியோக்களும் ஏறக்குறைய இதே காரியத்தைத்தான் செய்கின்றன. அவற்றில் வெட்டுவது பெரியவரின் கை. பசை காயும் நேரம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். முடிந்த பொருளின் படத்தை முதலிலேயே பிள்ளைக்குக் காட்டினால் அது தன் கையில் உருவாவதை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுக் கைவிட்டுவிடும். படத்தைப் பெரியவர் பார்த்துக்கொண்டு, பிள்ளையிடம் தாளை மட்டும் கொடுப்பது போதும்.

இடம் கூடத்துத் தரைதான். மேசையைவிடத் தரை நல்லது. விழுவதற்கு எதுவுமில்லை, மொசைக்கில் பட்ட பசையைத் துடைத்துவிடலாம். விரித்த செய்தித்தாளின் நான்கு மூலைகளிலும் கனமாக ஏதாவது வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை வடிந்து தாளில் சொட்டும், ஓடவிட்டால் துண்டுகள் பறக்கும். ஒன்றில் வைத்து, வெட்டியவற்றை ஒரு தாம்பாளத்தில் போட்டு மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்தால் தீர்ந்தது. மூன்று வயதுக்குக் கால் மணி நேரம், ஆறு வயதுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நீட்டக் கூடாது. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி நாளுக்கு ஒரு பொருள் என்று செய்தால் யாருக்கும் அவசரம் இருக்காது. முதல் நாள் மாலையில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

ஜிகினாத் தூளை இந்த வயதில் தவிர்ப்பதே சரி. நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களான அவை கண்ணில் போனால் உறுத்தும், தரையிடுக்கிலிருந்து மாதக்கணக்கில் வரும். பளபளப்பு வேண்டுமென்றால் ஜிகினாக் காகிதத்தைத் துண்டுகளாக வெட்டி ஒட்டலாம். ஸ்டேப்ளர் பெரியவர் கையில் மட்டும். கூடுகளுக்குள் மெழுகுவர்த்தியோ அகலோ வைப்பது எந்த வயதிலும் கூடாது; சூடேறாத சிறு எல்இடி விளக்குதான் காகிதத்துக்கு ஏற்றது. கொலுவில் குத்துவிளக்கின் சுடருக்கும் தோரணத்துக்கும் நடுவே ஒரு பெரியவர் கை நீட்டும் தூரமாவது இருக்க வேண்டும். விசிறிக் காற்றில் தோரணம் அந்தப் பக்கம் ஆடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நவராத்திரியும் தீபாவளியும் மழைக்காலத்தை ஒட்டி வருபவை. காற்றில் ஈரம் ஏறும்போது காகிதம் அதை வாங்கித் தொய்கிறது. இறுக்கிக் கட்டிய தோரணம்கூட மறுநாள் நடுவில் இறங்கிவிடும். நூலைத் தாளோடு ஒட்டாமல் மடிப்புக்குள் ஓடும்படி விட்டால், முனையை மட்டும் அவிழ்த்து இழுத்துச் சரிசெய்யலாம். நீண்ட சங்கிலியின் எடை முழுவதும் முனை வளையங்களின் மேல் விழுவதால், ஒரு மீட்டருக்கு ஓர் இடத்தில் நூலால் தாங்கல் கொடுக்க வேண்டும். சுவரில் ஒட்டும்போது செலோடேப் சுண்ணாம்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். கதவு நிலையிலும் ஜன்னல் கம்பியிலும் கட்டுவது வாடகை வீட்டுக்கு நல்லது.

பண்டிகை முடிந்து கழற்றும்போது விசிறிப் பூவை மடித்தும், வளையச் சங்கிலியைத் தட்டையாக அழுத்தியும் அட்டைப் பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டுக்கு உதவும். மைதாவிலோ சோற்றுப் பசையிலோ ஒட்டியவற்றை மட்டும் சேர்த்து வைக்கக் கூடாது. மாவைத் தின்ன வரும் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் பக்கத்தில் இருக்கும் புத்தகங்களையும் அரித்துவிடும். குச்சிப் பசையில் ஒட்டியவற்றோடு ஒரு பிடி காய்ந்த வேப்பிலை போட்டு வைப்பது வழக்கம். வைக்க முடியாதவற்றில் ஏ4 தாளும் செய்தித்தாளும் பழைய பேப்பர்காரரிடம் போகலாம். ஜிகினாக் காகிதத்தில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் அதைத் தனியாகப் பிரித்துக் குப்பையில் போட வேண்டும். பிரிக்கும் வேலையை மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் நன்றாகவே செய்யும்.